கம்ப்யூட்டர் போர்ட்ல இருந்து லைட்டு, ஃபேன், மோட்டார் ஆன் ஆஃப் பண்றது எப்பிடி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

லேப்டாப்ல ஒரு கீயத் தட்டினா ரூம்ல ஃபேன் ஓடணும், மாடி டேங்க் மோட்டார் நிக்கணும், அதுக்கு இன்னா வாங்கணும் எங்க சொருகணும்னு காட்பாடி, குடியாத்தம், ஆற்காடுப் பக்கம் பாலிடெக்னிக் பசங்கள்ல இருந்து தென்னந்தோப்பு வெச்சிருக்குற பெரியவங்க வரைக்கும் கேட்டுகினேதான் இருக்காங்க. ஒயரிங் கொஞ்சம், புரோகிராம் கொஞ்சம், ரெண்டுமே பெரிய வித்தை இல்ல. ஆனா ஒயரத் தொடறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு பதில் முடிவு பண்ணி வெச்சுக்குங்க: கம்ப்யூட்டர் நடுவுல ஹேங் ஆயிடுச்சுன்னா, இல்ல கரண்ட் போயி திரும்பி வந்துச்சுன்னா, நீங்க மாட்டியிருக்குற சாமான் ஓடணுமா நிக்கணுமா? நெட்ல கிடைக்கிற முக்காவாசி வீடியோவுல இதப் பத்திப் பேச்சே இருக்காது, பல்பு எரிஞ்சதும் கை தட்டிட்டு முடிச்சிடுவாங்க. பல்புக்கு பரவால்ல, மோட்டாருக்கு ஆகாது.

சரி, போர்ட்டு இன்னா குடுக்கும்னு மொதல்ல பாப்போம். போர்ட்டுங்குறது மேஸ்திரி மாதிரி, வாயால சொல்லும், கல்லு தூக்காது. யுஎஸ்பி 2.0 போர்ட்டு 5 வோல்ட்டுல அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர் குடுக்கும், நம்ம வீட்டு லைன் 230 வோல்ட்டு 50 ஹெர்ட்ஸ் ஏசி, ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடவே கூடாது. அதனால போர்ட்டு ஒரு சின்ன போர்டுக்கு சொல்லும், போர்டு ஒரு ரிலேவுக்கு (கரண்ட் குடுத்தா தானா மாறுற சுவிட்சு) சொல்லும், ரிலே பல்ப ஆன் பண்ணும், லோடு பெருசுன்னா ரிலே ஒரு கான்டாக்டருக்கு (மோட்டார் மாதிரி பெரிய லோட தாங்குற தடி ரிலே) சொல்லும், கான்டாக்டர் மோட்டார ஓட்டும். இப்பிடி ஒவ்வொரு கட்டமும் தனக்கு அடுத்த பெரிய ஆளுக்கு சொல்றதுதான் இதுல இருக்குற மொத்த டெக்னிக்கும்.

யுஎஸ்பி ஒயர வெட்டி அதுல இருக்குற பச்ச ஒயர், வெள்ள ஒயர்ல நேரா எல்ஈடி மாட்டி ஆன் ஆஃப் பண்ணலாமான்னு கேப்பாங்க, முடியாது, அந்த ரெண்டு ஒயர்ல டேட்டா பாக்கெட் பாக்கெட்டா போகும், நீங்க நெனச்ச நேரத்துக்கு அத 5 வோல்ட்டுல நிறுத்தி வெக்க முடியாது. நடுவுல ஒரு சிப்பு உக்காந்து அந்தப் பேச்ச வாங்கி ஒரு பின்ன மேல ஏத்தணும், அதாவது அதுல 5 வோல்ட்டு வெக்கணும், கீழ எறக்குறதுன்னா 0 வோல்ட்டு. அதுக்குதான் ஆர்டுயினோங்குற சின்ன புரோகிராம் போர்டு.

பழைய டெஸ்க்டாப் இருக்குறவங்க ஒரு நிமிஷம். பின்னாடி 25 ஓட்ட இருக்குற பிரிண்டர் போர்ட்டு இருந்துச்சுன்னா அது இந்த வேலைக்கு அருமையான சாமான், 2வது பின்ல இருந்து 9வது பின் வரைக்கும் எட்டு அவுட்புட், 18ல இருந்து 25 வரைக்கும் கிரவுண்ட். பெரும்பாலான மிஷின்ல அட்ரஸ் 378 ஹெக்ஸ், அதுக்கு 0ல இருந்து 255க்குள்ள ஒரு நம்பர் அனுப்பினா அதுக்கேத்த பின்னெல்லாம் மேல ஏறும், 1 அனுப்பினா 2வது பின், 2 அனுப்பினா 3வது பின், 3 அனுப்பினா ரெண்டுமே. விண்டோஸ் எக்ஸ்பி மாதிரி என்டி வகை விண்டோஸ்ல நேரா போர்ட்ட தொட வுடாது, இன்ப்அவுட்32ன்னு ஒரு டிஎல்எல் போட்டுக்கணும், லினக்ஸ்ல ரூட் பர்மிஷன் வேணும். ஒரு சங்கடம் இன்னான்னா கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது அந்தப் பின்னெல்லாம் தன்னால ஏறி எறங்கும், மாட்டியிருக்குற ரிலே எல்லாம் படபடன்னு அடிக்கும். இன்னொண்ணு, புது லேப்டாப்புக்கு யுஎஸ்பி டு பிரிண்டர் கேபிள் வாங்கி இதே வேலையப் பாக்கலாம்னு காச வுடாதீங்க, அந்தக் கேபிள் பிரிண்டர்கிட்ட மட்டும்தான் பேசும், தனித்தனி பின்ன ஆட்ட வுடாது. இனிமே வர்றதெல்லாம் யுஎஸ்பி வழிதான்.

வாங்க வேண்டியது: ஆர்டுயினோ நேனோ இல்ல யூனோ ஒண்ணு, ரெண்டு சேனல் ரிலே போர்டு ஒண்ணு, டேட்டா போகுற யுஎஸ்பி கேபிள், ஒரு எல்ஈடி, 330 ஓம் ரெசிஸ்டர், ஜம்பர் ஒயர் ஒரு கத்த, பிரெட்போர்டு, ஒரு மல்டிமீட்டர். மீட்டர் இல்லாம இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க, மலிவானதே போதும். வேலூர்ல எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் கடைங்கள்ல இப்ப இதெல்லாம் கிடைக்குது, காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்குன்னு வாங்குறதால ஸ்டாக் வெக்கிறாங்க, இல்லன்னா காட்பாடியில காலைல ட்ரெயின் ஏறினா சென்ட்ரல், அங்கருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். கேபிள் வாங்கும்போது மட்டும் கடக்காரர்கிட்ட டேட்டா கேபிளான்னு கேட்டு வாங்குங்க, சில போன் சார்ஜர் கேபிள்ல பவர் ஒயர் ரெண்டு மட்டும்தான் இருக்கும், போர்டுல லைட்டு எரியும் ஆனா கம்ப்யூட்டர் அத பாக்கவே பாக்காது, போர்டு செத்துடுச்சுன்னு தூக்கிப் போடுறவங்க பாதிப் பேருக்கு கோளாறு கேபிள்லதான்.

மொதல்ல கம்ப்யூட்டர்ல ஆர்டுயினோ சாஃப்ட்வேர் போடுங்க, ஃப்ரீதான். போர்ட மாட்டினதும் டிவைஸ் மேனேஜர்ல காம்3, காம்5ன்னு ஒரு நம்பர் வரணும். நேனோவோட நகல் போர்டுங்கள்ல சிஎச்340ன்னு ஒரு சிப்பு இருக்கும், நம்பர் வரலன்னா அதுக்கு டிரைவர் தனியா போடணும். லினக்ஸ்னா உங்க யூசர டயலவுட் குரூப்ல சேத்துட்டு லாக்அவுட் பண்ணி திரும்ப வாங்க, இல்லாட்டி பர்மிஷன் இல்லன்னு சொல்லிகினே இருக்கும்.

இப்ப எல்ஈடி. 7வது பின்ல இருந்து 330 ஓம் ரெசிஸ்டர், அதுல இருந்து எல்ஈடியோட நீளக் கால், குட்டக் கால் கிரவுண்டுக்கு. கணக்கு ரொம்ப ஈசி, 5 வோல்ட்டுல எல்ஈடி ஒரு 2 வோல்ட்ட எடுத்துக்கும், மிச்சம் 3 வோல்ட்டு 330 ஓம்ல போனா சுமார் 9 மில்லி ஆம்பியர். அந்த போர்டுல ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியருக்குள்ள எடுக்கறதுதான் நல்லது, 40 தாண்டினா சிப்பு போயிடும். புரோகிராம்ல 7வது பின்ன அவுட்புட்டுன்னு சொல்லுங்க, சீரியல (கம்ப்யூட்டரும் போர்டும் எழுத்து எழுத்தா பேசுற வழி) 9600 பாட் வேகத்துல தொறங்க, ஒரு எழுத்து வந்திருக்கான்னு சுத்திச் சுத்திப் பாருங்க, 1 வந்தா பின்ன மேல ஏத்து, 0 வந்தா கீழ எறக்கு, வேற எது வந்தாலும் ஒண்ணும் பண்ணாத. அந்தக் கடைசி வரி முக்கியம், ஏன்னா ஆர்டுயினோ சாஃப்ட்வேர்லயே இருக்குற சீரியல் மானிட்டர்ல 1 அடிச்சு என்டர் தட்டினா அது பின்னாடியே கண்ணுக்குத் தெரியாத ஒரு என்டர் எழுத்தும் போகும், நீங்க "1 இல்லன்னா ஆஃப்"னு எழுதியிருந்தா லைட்டு ஒரு மின்னு மின்னிட்டு அணஞ்சிடும், ஏன்னே புரியாது.

எல்ஈடி சொன்ன பேச்சு கேக்குதா, அப்ப ரிலேவுக்குப் போலாம். கடையில கிடைக்கிற போர்டுல நீலக் கலர்ல கட்டியா இருக்கே அதுதான் ரிலே. உள்ள ஒரு காயில், ஒரு சுவிட்சு, ரெண்டுக்கும் நடுவுல கரண்ட் தொடர்பே கிடையாது, காயில் காந்தமாகி சுவிட்ச இழுக்குது அவ்ளோதான். 5 வோல்ட்டு ரிலேவோட காயில் சுமார் 70 ஓம், அப்ப ஓடும்போது 70 மில்லி ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதனாலதான் ஆர்டுயினோ பின்ல நேரா ரிலே காயில மாட்டக் கூடாது. ரெடிமேட் போர்டுல ஒரு டிரான்சிஸ்டர், ஒரு டயோடு, ரெண்டு சேனல் நாலு சேனல் போர்டுல ஆப்டோகப்ளரும் (வெளிச்சத்தால சிக்னல் கடத்துற சிப்பு) சேத்தே வெச்சிருப்பாங்க. டயோடு எதுக்குன்னா, காயில ஆஃப் பண்ற நொடியில அது எதிர்ப் பக்கமா ஒரு பெரிய வோல்ட்டேஜ ஒதறும், டயோடு அத வாங்கிக்கும், இல்லன்னா டிரான்சிஸ்டர் காலி. நானே சால்டர் பண்றேன்னு சொல்றவங்க யுஎல்என்2003 ஐசி வாங்குங்க, ஏழு சேனல், டயோடு உள்ளயே இருக்கு, 9வது கால ரிலே சப்ளைல மாட்டினாதான் அந்த டயோடு வேல செய்யும், அத மட்டும் மறக்காதீங்க.

போர்டுல விசிசிய 5 வோல்ட்டுக்கு, ஜிஎன்டிய கிரவுண்டுக்கு, இன்1ஐ 7வது பின்னுக்கு. இங்க ஒரு குழப்பம் வரும், நீங்க 1 அனுப்பினா ரிலே ஆஃப், 0 அனுப்பினா ஆன். போர்டு கெட்டுப் போகல, இந்த ரெண்டு சேனல் நாலு சேனல் போர்டுங்கள்ல பல போர்டு பின் கீழ எறங்கினாதான் ஆன் ஆகும், டிசைனே அப்பிடி. புரோகிராம்ல தலைகீழா மாத்திட்டா சரி, ஆனா அதோட வேல முடியல. போர்டு பவர் வாங்கி எழுந்திரிக்கும்போது நீங்க 7வது பின்ன அவுட்புட்டுன்னு சொன்ன ஒடனே அது கீழதான் நிக்கும், அதாவது ரிலே ஆன். நீங்க மேல ஏத்துறதுக்கு முன்னாடி நடுவுல வேற வரி, காத்திருப்பு ஏதாவது இருந்தா டிக்குன்னு ஒரு அடி அடிச்சிடும். இதுக்கு வழி, மொதல்ல பின்ன மேல ஏத்துற வரி, அதுக்கு அப்பறம் அவுட்புட்டுன்னு சொல்ற வரி. ரெண்டு வரிய எடம் மாத்தினா போதும். கரண்ட் போயி வர்ற ஒவ்வொரு தடவையும் மோட்டார் சட்டுன்னு உதறி நிக்கிறதுக்கும் நிக்காம இருக்குறதுக்கும் இதுதான் வித்தியாசம்.

இந்தக் கட்டத்துல 230 வோல்ட்டு பக்கமே போகாதீங்க. ரிலேவுல மூணு ஸ்க்ரூ இருக்கும், நடுவுல காமன், ஒரு பக்கம் என்ஓ (ரிலே ஆன் ஆனாதான் காமனோட சேரும்), இன்னொரு பக்கம் என்சி (ரிலே ஆஃப்ல காமனோட சேந்திருக்கும்). மீட்டர பீப் சத்தம் வர்ற மோடுல வெச்சு காமன்லயும் என்ஓலயும் முனைய வையுங்க, ரிலே ஆன் ஆனா பீப் வரணும், ஆஃப் ஆனா நிக்கணும். யுஎஸ்பிய புடுங்குங்க, பீப் நிக்கணும். கம்ப்யூட்டர ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, சத்தம் வரக் கூடாது. இது எல்லாம் பாஸ் ஆனாதான் அடுத்தது.

இப்ப கம்ப்யூட்டர் பக்கம் புரோகிராம். பைத்தான் போட்டு, பிப் வழியா பைசீரியல் இன்ஸ்டால் பண்ணிக்குங்க. காம் நம்பரயும் 9600ஐயும் குடுத்து போர்ட்ட தொறக்கணும், ரெண்டு செகண்டு காத்திருக்கணும், அப்பறம் எழுத்து அனுப்பணும். அந்த ரெண்டு செகண்டு எதுக்குன்னா, போர்ட்ட தொறக்கும்போதே டிடிஆர்னு ஒரு லைன் அசையும், அது ஆர்டுயினோவ ரீசெட் பண்ணிடும், அது முழிச்சு எழுந்திரிக்கிறதுக்குள்ள நீங்க அனுப்பினது காத்தோட போயிடும். புரோகிராம மூடி மூடித் தொறக்கும்போது ரிலே ஆஃப் ஆகக் கூடாதுன்னா போர்டுல ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போடலாம், நெகட்டிவ் கால் கிரவுண்டு பக்கம், ஆனா புதுசா புரோகிராம் ஏத்தும்போது அத கழட்டிடணும். எனக்குக் கேட்டா மோட்டார் மாட்டுறவங்க இதப் போடாதீங்க, ரீசெட் ஆனா ஆஃப் ஆகட்டும், அதுதான் நல்லது.

ஆரம்பத்துல கேட்டேனே, கம்ப்யூட்டர் ஹேங் ஆனா இன்னா ஆகும்னு, அதுக்கு இதுவரைக்கும் நாம ஒண்ணுமே பண்ணல. கம்ப்யூட்டர் 1 அனுப்பிட்டு அப்பிடியே நின்னுடுச்சுன்னு வைங்க, ஆர்டுயினோ பாட்டுக்கு ரிலேவ ஆன்லயே புடிச்சிகினு இருக்கும், விடிய விடிய. டேங்க் ரொம்பி வழியும், இல்லன்னா கோடையில போர்ல தண்ணி கீழ போயி மோட்டார் சும்மா ஓடி காயில் கருகும், நம்ம மாவட்டத்துல ஏப்ரல் மே மாசத்துல போர் தண்ணி எந்த அழகுல இருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம். அதனால கம்ப்யூட்டர ஒவ்வொரு செகண்டும் ஒரு எழுத்து அனுப்பச் சொல்லுங்க, எச்னு வெச்சுக்கலாம், நான் உயிரோட இருக்கேன்னு அர்த்தம். ஆர்டுயினோ பக்கம், எச் வர்ற ஒவ்வொரு தடவையும் மில்லிஸ் நேரத்த (போர்டு எழுந்ததுல இருந்து ஓடுற மில்லி செகண்டு கணக்கு) குறிச்சு வெக்கணும், இப்ப இருக்குற நேரத்துல இருந்து அத கழிச்சா 5000க்கு மேல போச்சுன்னா, அதாவது 5 செகண்டா சத்தமே இல்லன்னா, எல்லா ரிலேவும் ஆஃப். மொத்தம் நாலு வரி. லேப்டாப் ஸ்லீப் போனாலும், கேபிள யாரோ கால்ல இடறி வுட்டாலும், புரோகிராம் எரர் அடிச்சு நின்னாலும் மோட்டார் 5 செகண்டுல தானா நிக்கும். இதோட நிக்காம, மோட்டார் அதிகபட்சம் எவ்ளோ நேரம் ஓடலாம்னு ஒரு கணக்க ஆர்டுயினோவுக்குள்ளயே போட்டு வையுங்க, டேங்க் ரொம்ப அரை மணி நேரம் ஆகும்னா 40 நிமிஷத்துல கம்ப்யூட்டர் இன்னா சொன்னாலும் ஆஃப். பைத்தான்ல போட்டா போதாதான்னா போதாது, ஹேங் ஆகுறதே அந்தப் பக்கம்தானே.

மெயின்ஸ் மாட்டுற கட்டம். 230 வோல்ட்டு வேல பழக்கம் இல்லன்னா தெருவுல இருக்குற எலக்ட்ரீஷியன் அண்ணனக் கூப்டுங்க, இதுல கௌரவம் பாக்க ஒண்ணும் இல்ல. பழக்கம் இருந்தாலும் எம்சிபிய (லைன வெட்டுற பிரேக்கர் சுவிட்சு) எறக்கிட்டு, டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுதான் கை வெக்கணும், 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகுற ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன வெட்டுற சுவிட்சு) லைன்ல இருந்தா ரொம்ப நல்லது. ரிலே வழியா போகறது ஃபேஸ் ஒயர் மட்டும்தான், ஃபேஸ் காமனுக்கு, என்ஓல இருந்து பல்புக்கு, நியூட்ரல் நேரா பல்புக்குப் போயிடும். நியூட்ரல ரிலேவுல வெட்டினா பல்பு அணையும், ஆனா ஹோல்டர்ல ஃபேஸ் உயிரோட நிக்கும், பல்பு மாத்தப் போறவங்க கைய வெச்சா அவ்ளோதான். மொதல்ல ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டி ராத்திரி முழுக்க ஆன் ஆஃப் பண்ண வுட்டுப் பாருங்க. ரிலே போர்ட சும்மா டேபிள் மேல வெக்காதீங்க, அடிப்பக்கம் இருக்குற சால்டர் புள்ளியெல்லாம் 230 வோல்ட்டு, ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ்ல ஸ்க்ரூ பண்ணி மூடிடுங்க. அந்த பாக்ஸ ஷீட்டு கூரைக்கு அடியில மாட்ட வேணாம், வேலூர் வெயிலுக்கு உள்ள அடுப்பு மாதிரி ஆயிடும், செவுத்துல நிழல் பக்கமா மாட்டுங்க.

நீலக் கட்டி மேல 10 ஆம்பியர் 250 வோல்ட்டுன்னு போட்டிருக்கும். அத நம்பி 1 எச்பி மோட்டார அதுல மாட்டிடாதீங்க. 1 எச்பின்னா 746 வாட்ஸ், ஓடும்போது சில ஆம்பியர்தான், ஆனா ஸ்டார்ட் ஆகுற நொடியில அத மாதிரி அஞ்சாறு மடங்கு இழுக்கும், அந்த அடியில ரிலே உள்ள இருக்குற பாயின்ட் ஒட்டிக்கும். ஒட்டிகிச்சுன்னா நீங்க எழுதின நாலு வரி புரோகிராமும் வேஸ்ட்டு, ஆர்டுயினோ ஆஃப்னு சொல்லும், மோட்டார் ஓடிகினே இருக்கும். அதனால மோட்டாருக்கு நடுவுல கான்டாக்டர் கண்டிப்பா வேணும், 230 வோல்ட்டு காயில் இருக்குறதா பாத்து வாங்கி, அந்தக் காயில மட்டும் ரிலே ஆன் ஆஃப் பண்ணட்டும்.

வீட்ல ஏற்கனவே பச்ச பட்டன் செவப்பு பட்டன் வெச்ச ஸ்டார்ட்டர் இருந்தா இன்னும் நல்ல வழி இருக்கு. ரெண்டு ரிலே எடுத்துக்குங்க, ஒண்ணோட என்ஓவ பச்ச பட்டனுக்கு பேரலல்லா மாட்டி ஒரு செகண்டு மட்டும் ஆன் பண்ணி வுட்டுடணும், கைல அமுக்குற மாதிரி. இன்னொண்ணோட என்சிய செவப்பு பட்டனுக்கு சீரிஸ்ல மாட்டணும், அது ஒரு செகண்டு ஆன் ஆனா ஸ்டார்ட்டர் வுட்டுடும். இதுல இருக்குற லாபம், கரண்ட் போயி வந்தா ஸ்டார்ட்டர் தானா எடுக்காது, ஸ்டார்ட்டர்ல இருக்குற ஓவர்லோடு ரிலேவும் (மோட்டார் அதிகமா கரண்ட் இழுத்தா நிறுத்துறது) அப்பிடியே வேல செய்யும். ஆனா இதுல 5 செகண்டு கணக்க கொஞ்சம் மாத்தணும், சத்தம் நின்னா "எல்லா ரிலேவும் ஆஃப்" இல்ல, ஸ்டாப் ரிலேவ ஒரு செகண்டு ஆன் பண்ணணும், 40 நிமிஷக் கணக்குக்கும் அதேதான், ஆர்டுயினோ எழுந்திரிச்ச ஒடனேயும் ஒரு தடவ ஸ்டாப் அடிச்சிடட்டும். ஆனா ஆர்டுயினோவுக்கே பவர் போச்சுன்னா ஸ்டாப் அடிக்க ஆள் இருக்காது, அதனால அதுக்கு பவர் லேப்டாப்ல இருந்து மட்டும் வராம தனி 5 வோல்ட்டு அடாப்டர்ல, மோட்டார் லைன்ல இருந்தே வரணும். த்ரீ ஃபேஸ் ஸ்டார்ட்டர்ல கை வெக்காதீங்க, பல ஸ்டார்ட்டர்ல அந்தப் பட்டன்லயே 415 வோல்ட்டு நிக்கும், நம்ம நீலக் கட்டி 250க்குதான். சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் பேனல்லயும் பச்ச பட்டன் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டரையும் சேத்து புடிக்கிற மாதிரி சிலதுல இருக்கும், தொறந்து பாத்து ஒயரிங் தெரிஞ்ச ஆள் சொன்னதுக்கு அப்பறம்தான் மாட்டணும்.

மாட்டினதுக்கு அப்பறம் வர்ற தொல்லைங்க. கான்டாக்டர் ஆஃப் ஆகும்போது காம் போர்ட்டு காணாமப் போகுதுன்னா அது நாய்ஸ், காயில் குறுக்க 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் சீரிஸ்ல சேந்த ஒரு ஸ்னப்பர் மாட்டுங்க, யுஎஸ்பி கேபிள குட்டயா வெச்சு மோட்டார் ஒயர்கிட்ட இருந்து தள்ளி வையுங்க. நாலு ரிலே ஒண்ணா ஆன் ஆனா போர்டு ரீசெட் ஆகுதுன்னா யுஎஸ்பி பவர் பத்தல, ரிலே போர்டுல ஜேடி விசிசின்னு இருக்குற ஜம்பர கழட்டி அந்தப் பின்னுக்கு தனி 5 வோல்ட்டு அடாப்டர் குடுங்க. அரை மணிக்கு ஒரு தடவ எல்லாம் ஆஃப் ஆகுதுன்னா லேப்டாப் தூங்கப் போகுதுன்னு அர்த்தம், பவர் செட்டிங்ல ஸ்லீப்பயும் யுஎஸ்பி சஸ்பெண்டயும் நிறுத்துங்க.

கடைசியா, வீட்ல இருக்குற சுவிட்ச கழட்டிப் போட்டுடாதீங்க. லேப்டாப் இல்லாத நேரம் அம்மா லைட்டு போடணும்ல. மாடிப்படி லைட்டுக்கு ரெண்டு எடத்துல சுவிட்சு வெப்பாங்களே அதே ஒயரிங்தான், ஃபேஸ் ரிலே காமனுக்கு, என்ஓவும் என்சியும் ஒரு டூ வே சுவிட்சோட ரெண்டு முனைக்கு, சுவிட்சோட காமன்ல இருந்து பல்புக்கு. அப்ப கம்ப்யூட்டர்லயும் மாத்தலாம், செவுத்துலயும் மாத்தலாம். ஆனா இது லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான், மோட்டாருக்கு வேணாம், ஏன்னா இந்த ஒயரிங்ல ரிலே ஆஃப்னா லோடு ஆஃப்னு சொல்ல முடியாது, சுவிட்சு எந்தப் பக்கம் இருக்குதோ அதப் பொறுத்துதான்.